தேயிலைப் பெட்டிக்குள் ஒரு கணினி

அந்தப் பெட்டியை முதன்முதலில் பார்த்தபோது உள்ளே தேயிலை இருக்கிறது என்றுதான் நினைத்தேன். ஒட்டுப்பலகை, விளிம்பெல்லாம் ஆணி அடித்த தகரப் பட்டி, முகப்பில் பாதி அழிந்துபோன கறுப்பு எழுத்தில் எங்கள் தோட்டத்தின் முத்திரை. ஏற்றுமதிக்குப் பலகைப் பெட்டி போய்க் காகிதச் சாக்கு வந்த பிறகு, இப்படிப்பட்ட பெட்டிகள் தொழிற்சாலையின் பின்பக்கம் அடுக்கடுக்காகக் கிடந்தன. அவற்றில் பெரியதாக ஒன்றை எடுத்து, தோட்டத்துத் தச்சர் அதற்கு ஒரு கதவு வைத்து, கதவுக்குப் பூட்டு வைத்து, பூட்டுக்குப் பக்கத்தில் விரல் நுழைகிற அளவுக்கு ஒரு துளையும் போட்டிருந்தார். துளைக்குள் விரலை விட்டால் கணினியின் பொத்தான் அகப்படும். அழுத்தினால் உள்ளே ஏதோ முனகும், மேசைமேல் இருக்கும் திரை வெளிச்சமாகும். கணினியை நான் தொட்டது அந்த ஒரு விரலால்தான். திரையும் விசைப்பலகையும் தவிர மற்றதெல்லாம் பூட்டுக்குள் இருந்தது.

அது அணைவதற்கு முன்னால் எந்த அறிகுறியும் தராது. நான் ஒரு பெயரின் பாதியில் இருப்பேன். பெட்டிக்குள் 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்கும். முனகல் இறங்கி இறங்கி நின்றுபோகும். கறுத்த திரையில் என் முகம் தெரியும். கூரையில் மின்குமிழ் எரிந்துகொண்டே இருக்கும், சுவருக்கு அந்தப் பக்கம் தொழிற்சாலை இயந்திரங்கள் ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே மின்சாரம் போய்விட்டது என்று யாரும் சொல்ல முடியாது. நான் உட்கார்ந்திருந்த கணினி மட்டும் நின்றுபோயிருக்கும். இரண்டாயிரத்துக்குப் பிந்திய அந்த முதல் சில வருடங்களில், ஏறக்குறைய நான்கு மாதம் அந்தச் சத்தத்துக்குப் பயந்தே நான் வேலைக்குப் போனேன். அந்தப் பயத்திலிருந்து என்னை இழுத்து வெளியே போட்டவள் என் அண்ணனின் மனைவி, என் மதினி. அவளைப் பற்றி எழுத வேண்டும் என்று பல வருடமாக நினைப்பு. எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை. மற்றவர்கள் சொல்வதை அடித்துக் கொடுப்பதுதான் என் தொழில். ஆனாலும் இதை நானே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தோட்டம் இலங்கை மலையகத்தில், அப்புத்தளைக்குக் கீழே, பெரகல பக்கமாக இறங்குகிற மலையில் இருக்கிறது. நான் பதினோராம் வகுப்பு, சாதாரண தரப் பரீட்சை வரை படித்தேன். அதற்குமேல் படிக்கப் பரீட்சையும் இடம் தரவில்லை, வீடும் இடம் தரவில்லை. இரண்டு வருடம் கொழுந்து எடுத்தேன். பிறகு அப்புத்தளையில் ஒரு கடைக்கு மேல்மாடியில் நடந்த மூன்று மாதக் கணினி வகுப்புக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் போனேன். வகுப்பு முடிந்த பிறகும் எல்லாரும் இருந்து கேள்வி கேட்பார்கள். நான் கேட்கமாட்டேன். எழுதிக்கொண்டு வந்து மனப்பாடம் செய்வேன். தோட்டக் காரியாலயத்துக்குக் கணினி வந்தபோது தட்டத் தெரிந்த ஆள் ஒன்று தேவைப்பட்டது. காரியாலயத்தின் தலைமை எழுத்தர், பெரிய கிளாக்கர் ஐயா, என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். தொழிலாளர்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கிற லயத்திலிருந்து காரியாலய நாற்காலிக்குப் போன முதல் பெண் நான். இதை நான் பெருமையாகச் சொல்வதில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது பெருமை வரவில்லை, முதுகு கூசியது. எல்லாரும் பார்ப்பது போலவே இருந்தது.

பெரிய கிளாக்கர் யாழ்ப்பாணத்துக்காரர். முப்பது வருடம் தோட்டங்களில் இருந்தும் அவருடைய பேச்சு கொஞ்சமும் மாறவில்லை. சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, இடுப்பில் நடக்கும்போது குலுங்குகிற சாவிக்கொத்து. எனக்கு வேலை தரக்கூடாது என்று சிலர் சொன்னபோது, "லயத்துப் பிள்ளையெண்டால் என்ன, கை சுத்தமா அடிக்குது" என்று சொன்னவரும் அவர்தான். அதை நான் மறக்கவில்லை. தோட்டத்தில் குடியிருக்கிற எல்லாக் குடும்பங்களின் பெயரையும் பிறந்த திகதியையும் லய இலக்கத்தையும் கணினியில் ஏற்றுகிற வேலையை என்னிடம் கொடுத்தார். அடையாள அட்டைக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் சனங்கள் காரியாலய வாசலில் நாள் கணக்கில் நிற்பார்கள். பழைய பேரேடுகள் பூச்சி அரித்து, ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொருவர் கையெழுத்தில் இருந்தன. இந்தப் பட்டியல் முடிந்தால் பெயரைத் தேடி எடுக்க ஒரு நிமிடம் போதும் என்றார். எனக்கு அது பெரிய காரியமாகத் தோன்றியது. என் பாட்டன் பெயரையும் அந்தப் பேரேட்டில்தான் முதலில் பார்த்தேன்.

தோட்டத்தில் விலையுள்ள பொருள் எதற்கும் பூட்டு உண்டு. உரக் களஞ்சியம், மருந்தறை, கொழுந்து நிறுக்கிற தராசின் எடைக்கல் வரைக்கும் பூட்டுத்தான். இன்னொன்று, தேயிலைக்குப் பகை ஈரம். ஒரு ராத்திரி ஈரக்காற்று பட்டாலும் தூள் கெட்டுப்போகும். அதற்காகத்தான் பலகைப் பெட்டிக்குள் ஈயத்தாள் ஒட்டியிருப்பார்கள். எங்கள் ஊரில் மூடுபனி சன்னல் வழியாக உள்ளே வந்து மேசைமேல் உட்காரும். பேரேட்டின் தாள் நமத்துப்போய் இருக்கும். இப்படிப்பட்ட இடத்துக்குக் கணினி என்ற விலை கூடிய சாமான் வந்ததும், எங்கள் ஆட்கள் தங்களுக்குத் தெரிந்த வழியில் அதைக் காப்பாற்றினார்கள். ஈயத்தாள் ஒட்டிய பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்கள். அது பெரிய கிளாக்கரின் யோசனை. வந்து பார்த்த தோட்டத்து மேலாளர், எங்கள் துரை, கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு தலையை ஆட்டி, நல்ல வேலை என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அந்தப் பெட்டியைப் பற்றி யாரும் ஒரு குறை சொல்ல முடியாத நிலை.

பெரிய காரியாலயத்தில் எனக்கு இடம் இல்லை. அதன் பின்புறம், தொழிற்சாலையோடு ஒட்டிய சின்ன அறையில் மேசையைப் போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் பலகைச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம், காய்ந்த தேயிலையைச் சலித்துத் தரம் பிரிக்கிற அறை. அங்கேதான் மதினி வேலை செய்தாள். என்னைவிட மூன்று வயது மூத்தவள். எங்கள் வீட்டுக்கு அவள் வந்தபோது எனக்குப் பதினெட்டு வயது. வந்த மூன்றாம் நாளே, "ஒங்க வீட்ல பேசுறதுக்கு வரி போட்டிருக்காங்களா? எல்லாரும் மூஞ்சியப் பாத்துக்கிட்டே இருக்கீங்க" என்று கேட்டாள். அம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் நான்காம் வகுப்போடு நின்றவள். கையெழுத்து மட்டும் போடுவாள், அதையும் எழுத்து எழுத்தாகக் குத்திக் குத்திப் போடுவாள். சலிக்கிற அறைக்கு வருமுன் இரண்டு வருடம் பெட்டி அடைக்கிற இடத்தில் இருந்தாள். தேயிலையை நிரப்பி, மூடி வைத்து, தகரப் பட்டியை அடித்து இறுக்குகிற வேலை. சுத்தியலை அண்ணனைவிட அவள் நேராக அடிப்பாள்.

காலையில் நாங்கள் இருவரும் ஒன்றாக இறங்குவோம். வாசலில் பிரிகிற இடத்தில் அவள் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்வாள். தேயிலைத் துளிரின் மேல் மெல்லிய ரோமம் இருக்கும். காய்ந்த தூளைச் சலிக்கும்போது அது உதிர்ந்து, மஞ்சளும் சாம்பலுமாகப் பஞ்சு போலப் பறக்கும். மாலையில் அவள் புருவம், காது, தலைமுடி எல்லாம் பஞ்சு படிந்து, ஒரே நாளில் கிழவியானவள் போலத் தெரிவாள். "பாத்தியா நாத்தனா, ஒனக்கு நாக்காலி குடுத்தாங்க, எனக்கு நரை குடுத்தாங்க" என்பாள். அதில் பொறாமை இருந்ததா என்று அப்போது யோசித்திருக்கிறேன். இருந்திருக்கும். இருந்தால் என்ன. எனக்கும் அவளுடைய வாயைப் பார்த்துப் பொறாமைதான்.

கணினி நிற்க ஆரம்பித்தபோது முதலில் யாரும் பெரிதாக எடுக்கவில்லை. பிறகு தினமும் நின்றது. ஒரு நாளில் மூன்று தரம், நான்கு தரம். ஒரு லயத்தின் பன்னிரண்டு குடும்பங்களையும் அடித்து முடிக்கப்போகிற நேரத்தில் 'டொக்'. அத்தனை பேரும் போய்விடுவார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் பிறகு சேமித்து வைக்கப் பழகினேன். அப்போதும் பாதிப் பெயரில் நின்று, திறந்தால் முழுக் கோப்பும் கெட்டிருக்கிற நாளும் உண்டு. மின்குத்தியை மாற்றினார்கள். தொழிற்சாலை இயந்திரம் போடும்போது மின்சாரம் இழுக்கிறது என்றார்கள். தனியாக வயர் இழுத்தும் பார்த்தார்கள். என் கால் வயரில் படுகிறது என்றார்கள். நாற்காலியில் காலைத் தூக்கி மடித்துக்கொண்டு அடித்தேன். அப்போதும் நின்றது. ஆனால் பெரிய கிளாக்கர் காலையில் வந்து அரை மணி, முக்கால் மணி தன் கடிதங்களைப் பார்க்கும்போது ஒரு தரம்கூட நின்றதில்லை. அதுதான் எனக்கு எமன். "அவரு இருந்தா ஓடுது, அந்தப் புள்ள இருந்தா நிக்குது" என்று காரியாலயத்தில் ஆரம்பித்த பேச்சு, கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் போய், லயத்துக்கு வந்து, என் வீட்டு வாசலில் நின்றது. நான் கைராசி இல்லாதவள் என்று அடுத்த வீட்டுப் பெண் என் அம்மாவிடமே சொன்னாள்.

பதுளையிலிருந்து ஒரு டெக்னீசியன் வந்தார். பெட்டியைத் திறந்து கணினியை வெளியே எடுத்து, தன் கடைக்குக் கொண்டுபோய் ஒரு வாரம் வைத்திருந்தார். இரவு பகலாக ஓடவிட்டுப் பார்த்ததாகச் சொன்னார். ஒரு தரமும் நிற்கவில்லையாம். திருப்பிக் கொண்டுவந்து பெட்டிக்குள் வைத்துவிட்டு, "மெசின் நல்லாருக்கு. பாவிக்கிறவங்க பாவிக்கிற விதத்துல இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினார். அன்று பின்னேரமே இரண்டு தரம் நின்றது. பெரிய கிளாக்கர் என்னைக் கூப்பிட்டார். கோபமாகப் பேசவில்லை. கோபமாகப் பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "பிள்ளை, மெசினில பிழை இல்லை. கை வைக்கிற ஆளிலதான் ஏதோ பிழை. இந்த மாத முடிவு மட்டும் பாப்பம். சரிவராட்டி நீர் திரும்ப மலைக்குப் போறதுதான் நல்லது" என்றார். நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். கொழுந்து எடுக்க மலைக்குப் போவது எனக்கு அவமானம் இல்லை. என் வீட்டில் எல்லாரும் மலைக்குப் போனவர்கள்தான். செய்யாத பிழையைத் தலையில் சுமந்துகொண்டு போவதுதான் முடியாது என்று இருந்தது. அதோடு, எனக்குப் பிறகு அந்த நாற்காலியில் லயத்திலிருந்து இன்னொருத்தியை உட்காரவைக்கமாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

பேசத் தெரியாதவர்கள் எழுதிவைப்பார்கள். நானும் பழைய அப்பியாசக் கொப்பியில் எழுதிவைக்க ஆரம்பித்தேன். எத்தனை மணிக்குப் போட்டேன், எத்தனை மணிக்கு நின்றது. பத்து நாள் எழுதிய பிறகு ஒன்று புரிந்தது. முதல் தரம் நிற்க ஒரு மணி நேரத்துக்குக் கிட்ட எடுக்கிறது. நின்றதும் உடனே போட்டால் பத்து நிமிடத்தில் நிற்கிறது. தேநீர் குடித்துவிட்டு வந்து போட்டால் அரை மணி தாங்குகிறது. இதை மதினியிடம் வாசித்துக் காட்டினேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். "மலை ஏறுற மனுசனுக்கு மூச்சு வாங்குற மாதிரில்ல இருக்கு. ஒக்காந்து எந்திரிச்சா கொஞ்ச தூரம் போகுது" என்றாள். அதோடு விடவில்லை. "அவரு இருந்தா நிக்காதுன்னு சொல்றாங்கள்ல? அரை மணி நேரம் இருந்துட்டுப் போறவருக்கு எப்பிடி நிக்கும்? ஒரு மணி நேரம் இருந்து பாக்கச் சொல்லு." நான் எப்படிச் சொல்வது என்றேன். "வாயாலதான்" என்றாள்.

மூன்று நாள் அந்த ஒரு வாக்கியத்தை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். நான்காம் நாள் பெரிய கிளாக்கர் மேசைக்கு முன்னால் போய் நின்றேன். "ஐயா, நீங்க ஒரு நாளைக்கு ரெண்டு மணித்தியாலம் அதுல இருந்து பாக்கணுங்க" என்றேன். அறையில் இருந்த மற்றவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "சோதனை வைக்கிறீரோ எனக்கு?" என்றார். ஆனாலும் வந்தார். சாவிக்கொத்தை எடுத்துப் பூட்டைத் திறந்தார், உட்கார்ந்தார், பேரேட்டை வாங்கித் தானே பெயர்களை அடிக்க ஆரம்பித்தார். ஒரு விரலால் அடித்தார். ஒரு மணி நேரம் ஆனது, இரண்டு மணி நேரம் ஆனது. கணினி நிற்கவே இல்லை. நான் சுவரோரம் நின்றுகொண்டிருந்தேன். காரியாலயத்திலிருந்து ஒவ்வொருவராக எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். கடைசியில் எழுந்து, கதவைச் சாத்திப் பூட்டி, "இப்ப என்ன சொல்லுறீர்?" என்று கேட்டார். அவர் போன பிறகு நாற்காலியில் உட்கார்ந்தேன். இருபது நிமிடத்தில் 'டொக்'.

அன்று மாலை, ஊற்றுநீர் விழுகிற பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது, நாளைக்கு நானே போய் வேலை வேண்டாம் என்று சொல்லிவிடப் போகிறேன் என்று மதினியிடம் சொன்னேன். அவள் குடத்தைக் கீழே வைத்தாள். "மொதல்லருந்து சொல்லு. அவரு வந்தாரு. வந்து என்ன செஞ்சாரு?" நான் அழுதுகொண்டே சொன்னேன். வந்தாரு, தொறந்தாரு, உக்காந்தாரு. "என்னத்தத் தொறந்தாரு?" பெட்டிக் கதவை என்றேன். "நீ இருக்கையில யாரு தொறப்பா?" யாரும் திறக்கமாட்டார்கள், அவர் பூட்டிவிட்டுத்தான் எனக்குக் கொடுப்பார் என்றேன். பீலிக்கு அடியில் என் குடம் நிறைந்து வழிந்தது. மதினி அதை நகர்த்திவிட்டு, "பதுளையில பெட்டிக்குள்ள வச்சா ஓட்டுனாங்க?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அடியே, அந்தப் பெட்டிக்குள்ள ஈயத்தாளு இருக்குடி. நான் எத்தன ஆயிரம் பெட்டி அடிச்சிருக்கேன். சுடச்சுடத் தூளப் போட்டு மூடுனா, மறுநாள் தொறக்கையிலயும் கை வைக்க முடியாது. எங்க மோட்டரு பஞ்சு அடைச்சுச் சூடேறுனா தானா நின்னுக்கிரும், ஆறுற வரைக்கும் எந்திரிக்காது. ஒன் கம்பியூட்டரும் அதே சாதிதான். ஒன் கையில ஒரு எழவும் இல்ல" என்றாள். சொல்லிவிட்டு என் முதுகில் ஒன்று போட்டாள். வலித்தது. நான்கு மாதத்தில் அன்றுதான் எனக்கு மூச்சு நேராக வந்தது.

மறுநாள் பெரிய கிளாக்கரிடம் கேட்டேன். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நான் வேலை செய்யலாமா என்று இரண்டு தரம் கேட்டேன். இரண்டு தரமும் தலையை ஆட்டினார். கதவு திறந்து கிடந்து ஏதும் தொலைந்தால் யார் பொறுப்பு, ஈரம் பிடித்தால் யார் பொறுப்பு, துரை பார்த்து ஒப்புக்கொண்ட பெட்டி, அதில் பிழை கண்டுபிடிக்க நான் யார். எல்லாவற்றையும் மெதுவான குரலில்தான் சொன்னார். சூடு என்ற சொல்லை நான் சொல்லி முடிக்க விடவில்லை. மாத முடிவுக்கு ஆறு நாள் இருந்தது.

அடுத்த நாள் மதியம், எல்லாரும் சாப்பாட்டுக்குப் போன நேரத்தில் மதினி என் அறைக்கு வந்தாள். மூக்கில் கட்டிய துணி கழுத்தில் கிடந்தது. கையில் பெட்டி அடைக்கிற இடத்துச் சுத்தியல். "தள்ளு" என்றாள். வேண்டாம் மதினி, வேலை போயிரும் என்றேன். "யாரு வேல? ஒன் வேல போயாச்சு, இன்னும் அஞ்சு நாளு சம்பிரதாயம்தான். பலகையப் பிடி" என்றாள். இருவரும் மேசையை இழுத்தோம். பெட்டியின் பின்பக்கத்தைத் திருப்பினோம். வயர் போகத் தச்சர் போட்டிருந்த ஓட்டை முழுக்க மஞ்சள் பஞ்சு. அவள் சுத்தியலின் பிளந்த முனையைத் தகரப் பட்டிக்குள் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினாள். ஆணிகள் ஒவ்வொன்றாகக் கத்திக்கொண்டு வந்தன. பலகை என் கைக்கு வந்தபோது அதன் உட்புறத்து ஈயத்தாள் அடுப்புக்கல் போலச் சுட்டது. உள்ளேயிருந்து வந்த அனல் முகத்தில் அடித்தது. கணினியின் முதுகில் காற்றாடி இருக்கிற இடம் பஞ்சால் மூடி, கம்பளித் துண்டு ஒட்டியதுபோல இருந்தது. பலகைச் சுவரின் இடுக்கு வழியாகச் சலிக்கிற அறையின் பஞ்சை அது நாள் முழுக்க இழுத்திருக்கிறது. மதினி கழுத்துத் துணியை அவிழ்த்து, அதைப் பூனையைத் துடைப்பது போலத் துடைத்தாள். "பாவம்டி இது. எங்க சீக்கு இதுக்கும் வந்திருக்கு" என்றாள்.

அன்று பின்னேரம் முழுவதும் நான் அடித்தேன். இரண்டு லயம் முடித்தேன். கணினி நிற்கவில்லை. நான்கு மணிக்குப் பெரிய கிளாக்கர் வந்து, வாசலிலேயே நின்றுவிட்டார். கழற்றிய பலகை சுவரில் சாய்ந்திருந்தது. "ஆரைக் கேட்டு உடைச்சனீங்கள்?" என்றார். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மதினியின் குரல் வந்தது. "நான்தாங்க ஒடச்சேன். கைய உள்ள விட்டுப் பாருங்க ஐயா." அவர் கையை உள்ளே விடவில்லை. பலகையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் தீர்மானம் வந்தது. தோட்டச் சொத்தை உடைத்ததற்கு மதினி மன்னிப்புக் கடிதம் கொடுக்க வேண்டும். கொடுத்தால் இத்தோடு விடுவார்கள், கொடுக்காவிட்டால் தொழிற்சாலையில் வேலை இல்லை. "உம்மட அண்ணன்ர மனுசிதானே, கடிதத்தை நீரே அடிச்சுக் கையெழுத்து வாங்கித் தாரும்" என்று பெரிய கிளாக்கர் என்னிடம் சொல்லி, என்ன அடிக்க வேண்டும் என்பதையும் சொன்னார். அடித்தேன். மதினி துணியைக் கட்டியபடியே வந்து நின்று, வாசி என்றாள். அனுமதியின்றித் தோட்டச் சொத்தைச் சேதப்படுத்தியமைக்காக மனம் வருந்தி மன்னிப்புக் கேட்கிறேன் என்று வாசித்தேன். அவள் துணியைக் கீழே இறக்கினாள். "ஒடச்சேன்னு போடு. அது நெசம். மனசு வருந்துனேன்னு நீ எங்கிட்ட கேட்டியா? எனக்கு ஒரு வருத்தமும் இல்லயே. அத எடு." அதை எடுத்தால் மலைக்குப் போக வேண்டிவரும் என்றேன். "மலை என்ன எனக்குப் புதுசா? செய்யாத தப்புக்கு நீ போகக்கூடாதுன்னுதான நான் ஒடச்சேன். இப்ப நல்லது செஞ்சதுக்கு நான் மன்னிப்பு கேட்டா, நீ தப்பு செஞ்சேன்னு ஆயிருமேடி" என்றாள்.

நான் அந்த வரியை அழித்தேன். வேறு எழுதினேன். பெட்டியின் பின்பலகையைக் கழற்றினோம், உள்ளே சூடு அடைபட்டதால்தான் கணினி நின்றது, கழற்றிய பிறகு நிற்கவில்லை, முன்பே இரண்டு தரம் சொல்லியும் கேட்கப்படாததால் கழற்றினோம். வாசித்துக் காட்டியதும் மதினி என் தோளைத் தட்டினாள். "கழற்றினேன்னு மாத்து. ஒன் பேரு இதுல வேணாம். நீ நாக்காலியில இருக்கணும். ரெண்டு பேரும் மலைக்குப் போனா நான் ஒடச்சதுக்கு என்ன பெறுமதி?" என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. எப்போதும் அவள் சொன்னால் நான் கேட்பேன். அன்று கேட்கவில்லை. பலகையை நான்தானே பிடித்தேன். அச்சிட்டு எடுத்து, அவள் குத்திக் குத்திக் கையெழுத்துப் போட்டதும், அதற்குக் கீழே என் கையெழுத்தையும் போட்டேன். "திமிரு புடிச்ச நாத்தனா" என்று சொல்லிவிட்டு மூக்கைக் கட்டிக்கொண்டு போனாள்.

பெரிய கிளாக்கர் கடிதத்தை இரண்டு முறை வாசித்தார். "மன்னிப்பு எங்க பிள்ளை?" என்றார். "இல்லைங்க ஐயா" என்றேன். என் குரல் எனக்கே கேட்டது. "இதை ஃபைலில போட்டனெண்டால் பிறகு எடுக்கேலாது. தெரியுமோ?" தெரியும்ங்க என்றேன். அவர் இழுப்பறையிலிருந்து 'பெற்றுக்கொள்ளப்பட்டது' என்ற முத்திரையை எடுத்து, மையில் அழுத்தி, கடிதத்தின் மூலையில் நேராகக் குத்தி, கோப்பில் போட்டார். கிழித்துப்போட அவருக்கு ஒரு நிமிடம் ஆகியிருக்காது. அவர் கிழிக்கவில்லை. முத்திரை குத்திய தாளில் உள்ளது நடந்ததாகத்தான் அர்த்தம் என்பது அவருடைய தொழில் தர்மம். அதற்காக அவரை இன்றும் மதிக்கிறேன்.

அடுத்த திங்கட்கிழமை மதினி மலைக்குப் போனாள். தொழிற்சாலையில் ஆள் கூடிவிட்டது என்று காரணம் சொன்னார்கள். திரும்பக் கூப்பிடவே இல்லை. பதினான்கு வருடம் மழையிலும் அட்டைக்கடியிலும் கொழுந்து எடுத்தாள். என்னை நாற்காலியிலிருந்து எழுப்பவில்லை. பட்டியலை முடிக்க வேறு ஆள் இல்லை என்பதுதான் காரணமே தவிர, என் கையில் பிழை இல்லை என்று யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. பெட்டிக்குத் திரும்பப் பின்பலகை போடவும் இல்லை, கதவைப் பூட்டவும் இல்லை. மதினியிடம் ஒரு தரம், எனக்காகத்தானே போனீங்க என்று கேட்டுவிட்டேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒனக்காகப் போனேன்னு நீயா வச்சுக்காத. எனக்காகத்தான் போனேன். மூக்கக் கட்டாம மூச்சு விடுறேன் பாரு" என்றாள். பாதி உண்மை, பாதி வீம்பு. ஈரக் கூடையைத் தூக்கித் தூக்கி அவள் தோள் ஒரு பக்கம் சரிந்திருக்கிறது. அதை நான் பார்க்கிறேன் என்று தெரிந்தால் நிமிர்ந்து நடப்பாள்.

இப்போது நான் அப்புத்தளை டவுனில் ஒரு போட்டோக்கொப்பிக் கடையின் மூலையில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறேன். சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து கடிதம் அடிக்க வருவார்கள். வருகிறவர்களில் நிறையப் பேருக்குத் தேவைப்படுவது மன்னிப்புக் கடிதம். காரியாலயத்தில் கேட்டிருப்பார்கள், கங்காணி சொல்லி அனுப்பியிருப்பார். என்ன எழுத வேண்டும் என்பதும் அவர்களுக்கு மனப்பாடமாக இருக்கும். நான் இன்றும் கூச்சக்காரிதான். வருகிறவர்களின் முகத்தைப் பார்த்து அதிகம் பேசமாட்டேன். ஆனால் அடிப்பதற்கு முன்னால் ஒன்று மட்டும் கேட்பேன். போன கிழமை கொஸ்லந்த பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். மழையில் மண் சரிகிறது, லயத்தை விட்டு எல்லாரும் வெளியே வாருங்கள் என்று சத்தம் போட்டதற்காக, சனங்களைத் தூண்டிவிட்டாள் என்று காரியாலயத்தில் அவளிடம் மன்னிப்புக் கடிதம் கேட்டிருக்கிறார்கள். "மண்ணு சரிஞ்சுதா?" என்று கேட்டேன். "சரிஞ்சுதுங்க அக்கா. ரெண்டு வீட்டுச் சுவரு போயிருச்சு." "அப்ப நீங்க என்ன தப்பு செஞ்சீங்க?" அவள் யோசித்தாள். "தெரியலையேங்க. ஆனா மன்னிப்புன்னு ஒரு வார்த்தை இல்லாமப் போனா வாங்குவாங்களா?"

"வாங்குவாங்க" என்றேன். "முத்திரை குத்தச் சொல்லிக் கேளுங்க. குத்துற வரைக்கும் அங்கேயே நில்லுங்க." பிறகு திரையைப் பார்த்துக்கொண்டு, நடந்ததை முதலிலிருந்து சொல்லுங்கள் என்றேன்.